ஐந்நூற்று ஒன்று மார்க்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் எங்கள் வாடகை வீட்டில் குளியலறை கிடையாது. சமையலறை மூலையில் ஷவர் வைத்துத் தருவதாகச் சொன்ன கம்பெனி, முன்பணம் வாங்கிய மறுமாதமே திவாலாகிவிட்டது.

பணம் கட்டியவர்கள் ரசீதுடன் வரலாம் என்று கடிதம் வந்தது. ரசீதை நான் தொலைத்திருந்தேன். இன்று வெறுங்கையோடு போனேன்.

நீதிமன்றம் நியமித்த வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். "ஐந்நூறு மார்க் கட்டியவர்கள் நாற்பது பேர், ஃப்ராய்லைன். ரசீது இல்லாமல் எப்படி நம்புவது?"

"நான் கட்டியது ஐந்நூற்று ஒன்று."

பேரேட்டைப் புரட்டியவர் நிமிர்ந்தார். "பெயரே எழுதாத அந்த வரவு நீங்கள்தானா! இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது. எதற்கு அந்த ஒரு மார்க்?"

"நல்ல காரியத்துக்கு நாங்கள் முழுத்தொகையாகக் கொடுப்பதில்லை."

"நல்ல காரியம்தான்!" என்று சிரித்துக்கொண்டே என் பெயரைப் பட்டியலில் சேர்த்தார். "பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே அதிர்ஷ்டம்."

பணம் கட்டிய அன்று "கல்யாண மொய்யாடி எழுதறே?" என்று கேலி செய்த அறைத்தோழி வசந்தி, வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டாள். "ஐம்பது மார்க், பத்து பெனிக். கவலைப்படாதேடி, அதுவும் முழுத்தொகையா வரல!"

சனிக்கிழமை வழக்கம்போல நகராட்சிக் குளியலகம்தான். துணைக்கு வருகிறவர்கள் சொல்லுங்கள், சோப்பு மட்டும் உங்கள் செலவு.