குண்டடத்துக்கு ஒரு தண்டவாளம்

மூன்று மாதத்துக்குக் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்துக்குள் ஐந்தாறு தடவை மாடி ஏறி இறங்கினேன். ஒரு காரணமும் இல்லை. உட்கார்ந்தால் தொடை ஆடியது. நின்றால் கை சட்டைப்பையில் போனைத் தேடியது. வீரபாண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பல வருஷமாக நான் கட்டிங் இன்சார்ஜ். துணியை அடுக்கடுக்காக விரிப்பது, மேலே வெட்டும் அளவு வரைந்த மார்க்கர் பேப்பர் போடுவது, கத்தி ஓட்டுவது, அளவு தப்பினால் கத்துவது, இதுதான் என் நாள். ஒரு மதியம் கட்டிங் மேசைக்குப் பக்கத்திலேயே கண் இருட்டி விழுந்தேன். ரத்த அழுத்தம் என்றார்கள். ஓய்வு எடு என்றார்கள். ஓய்வை எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை.

என் மனைவி போனை வாங்கி, கம்பெனி குரூப்புகளை எல்லாம் நீக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "பாட்டுக் கேளுங்க. ஏதாச்சும் வீடியோ பாருங்க. நடந்துட்டே இருக்காதீங்க" என்றாள்.

எதையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. அப்படித் தள்ளிக்கொண்டே போனபோதுதான் அந்தக் கிழவரின் வீடியோ வந்தது. ஏதோ ஒரு குளிர்நாட்டில், தன் வீட்டு அறை முழுக்க மலையும் பாலமும் செய்து வைத்து, அதற்குள் விரல் நீள ரயில் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். பேசவே இல்லை. ரயில் குகைக்குள் போகும், வரும். முடிந்த பிறகுதான் நேரத்தைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் நான் எழுந்திருக்கவே இல்லை.

மறுநாளே ஒரு எஞ்சினும் நான்கு பெட்டியும், ஒரு வட்டத்துக்கு வேண்டிய தண்டவாளமும் ஆர்டர் போட்டேன். நிஜத்தில் நூற்று அறுபது அடி இருப்பது இதில் ஒரு அடி. எஞ்சின் என் நடுவிரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். மேசைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. கம்பெனியில் எப்போதோ கழித்துவிட்ட கட்டிங் டேபிளில் எட்டடித் துண்டு ஒன்று எங்கள் மாடி அறையில் பழைய சாமான்களைச் சுமந்துகொண்டு கிடந்தது. எல்லாவற்றையும் இறக்கினேன். தண்டவாளத்தைக் கோத்தேன். எஞ்சினை வைத்து, கரண்ட் விடுகிற திருகைத் திருப்பினேன். ஓடியது.

மூன்று சுற்று ஓடியதும் எனக்குச் சலித்துவிட்டது.

வட்டத்தைக் கழற்றி நீள்வட்டமாக்கினேன். அதையும் கழற்றி எட்டுப் போலப் போட்டேன். மறுபடி கழற்றினேன். இன்னும் தண்டவாளம் வரவழைத்தேன். ஓட்டியதைவிடக் கழற்றியதுதான் அதிகம். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் ஒரு வளைவை மாற்றிவிட்டு வந்து, ஆறிய சோற்றைப் பிசைந்தேன்.

ஒரு நாள் காபியோடு மேலே வந்த மனைவி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "ஏனுங்க, இந்த ரயிலு எந்த ஊருக்குப் போவுது?" என்றாள்.

"குண்டடத்துக்கு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"குண்டடத்துல எங்கீங்க ரயிலு?"

இல்லைதான். குண்டடத்துப் பக்கம் எங்கள் தோட்டம். பத்து ஏக்கர். பஸ் போகும், ரயில் போகாது. அங்கே நான் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அது அவளுக்கும் தெரியும். காபி டம்ளரை வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலமே மேசை மேல் எங்கள் தோட்டத்தைக் கட்ட ஆரம்பித்தேன். கம்பெனியில் இருந்த ஒரு கூட்டாளியிடம் சொல்லி, துணியில் பஞ்சு எழுப்புகிற பிரஷ்ஷிங் மிஷினில் விழுகிற தூசியைப் பை நிறைய வாங்கினேன். பச்சை, இலைப் பச்சை, காய்ந்த மஞ்சள் என்று தனித்தனி. பசை தடவித் தூவினால் புல். கயிற்றுப் பிரியை நறுக்கிச் சாயத்தில் முக்கி நட்டால் கிளுவை வேலி. பல்குத்தும் குச்சியும் சட்டைக் காலருக்குள் வைக்கிற அட்டையும் சேர்ந்து காற்றாலை ஆயின. வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடிந்தது. மாட்டுக் கொட்டகையும் அப்படித்தான். கிணற்றை எங்கே வைப்பது என்பதில்தான் நின்றுபோனேன்.

முதலில் வீட்டிலிருந்து மூன்றடி தள்ளி வைத்தேன். அப்படியானால் நிஜத்தில் கிட்டத்தட்ட ஐந்நூறு அடி. பார்க்கப் பார்க்கத் தப்பாகத் தெரிந்தது. கொஞ்சம் பக்கமாக நகர்த்தினேன். அதுவும் தப்பு. ஒரு பனியனின் சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் கூடினால் தூங்காத ஆள் நான். அளவு தெரியாமல் என்னால் ஒரு கிணற்றை நட முடியாது. அளவைச் சொல்லக் கூடியவன் ஒருவன்தான். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிற என் தம்பி. அவனோடு நான் பேசி மூன்று வருஷம்.

அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மா மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்த அன்று, எனக்கு இங்கே சரக்கு வாங்குகிற பையரின் ஆள் முன்னால் கடைசி இன்ஸ்பெக்‌ஷன். தம்பியின் அழைப்பு வந்தது. கட் செய்தேன். பிறகு கூப்பிடலாம் என்று நினைத்தேன். போனை சைலன்ட்டில் போட்டேன். பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி முடிய இருட்டிவிட்டது. கூப்பிட மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். நினைவு இருந்தது. நாளைக்கு என்று விட்டேன். விடியும்போது தாராபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து மாமா கூப்பிட்டார். அம்மா போய்விட்டிருந்தாள்.

இழவு வீட்டில் யாரோ, "பெரியவன் ராத்திரியே வரலியா?" என்று கேட்டதற்குத் தம்பி, "அண்ணனுக்கு ஷிப்மென்ட் இருந்திருக்குமுங்க" என்றான். என் காதில் விழும்படிதான் சொன்னான். அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒன்றையே சொன்னேன். எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை என்று. சொல்லிச் சொல்லி எனக்கே அது பாதி நிஜமாகிவிட்டிருந்தது.

இரண்டு நாள் மாடி அறையில் போனை வைத்துக்கொண்டு நடந்தேன். மூன்றாம் நாள் கூப்பிட்டேன்.

"சொல்லுங்கண்ணா" என்றான். குரலில் பயம் இருந்தது. நான் விழுந்தது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்ல தம்பி. நம்ம வாசப்படியில இருந்து கெணறு எத்தன அடி இருக்கும்?"

"எதுக்குங்ணா?"

"ஒரு அளவுக்கு."

"அளந்து சொல்றனுங்க" என்றான்.

ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். இருநூற்று நாற்பது அடி. என் மேசையில் ஒன்றரை அடி. நான் நினைத்ததில் பாதிதான். வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சரியாக இருந்ததே எனக்கு என்னவோ போல இருந்தது. இவ்வளவு கிட்டத்திலா இருந்தது எல்லாம்?

அதற்குப் பிறகு தினம் ஏதாவது ஒரு அளவு கேட்டேன். கொட்டகையின் அகலம், மேற்கு வேலியின் நீளம், முருங்கை எத்தனை வரிசை. அவன் டேப்பைப் பிடித்து அளந்து சொன்னான். அளவைத் தவிர இருவரும் எதுவும் பேசவில்லை. ஒரு தடவை மட்டும், "மாத்தரை ஒழுங்காப் போடறீங்களா?" என்றான். "போடறேன்" என்றேன். ஒரு வாரம் கழித்து, தாராபுரம் பஸ்ஸில் வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே தோட்டத்து மண். நான் கேட்கவில்லை. கேட்கிற அளவுகளை வைத்து அவனே எதையோ புரிந்துகொண்டிருக்கிறான்.

மண்ணை டீ வடிகட்டியில் சலித்து, பசை தெளித்து, தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பரப்பினேன். காய்ந்ததும் ரயிலை விட்டேன். பத்து நிமிஷம் ஓடியது. பிறகு கரகரவென்று சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது.

எனக்கு ஆத்திரம் வந்தது. எஞ்சின் மேல் இல்லை, தம்பி மேல். வேண்டுமென்றே செய்தது போல. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தேன். மோட்டாரின் காந்தத்தில் கறுப்புப் பொடி மயிர் போல ஒட்டி நின்றது. கட்டிங் ரூமில் உடைந்த ஊசியைத் தேடுகிற காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை மீதி மண்ணின் மேல் காட்டினேன். மண்ணிலிருந்து பொடி பொடியாக இரும்பு எழுந்து வந்து ஒட்டியது. எங்கள் மண்ணில் இவ்வளவு இரும்பு இருந்தது எனக்குத் தெரியாது. பரப்பிய மண் முழுவதையும் சுரண்டி எடுத்தேன். உடைத்துப் பொடித்தேன். காந்தத்தை ஓட்டி ஓட்டி இரண்டு நாள் சலித்து, மறுபடி பரப்பினேன். எஞ்சினைப் பிரஷ்ஷால் துடைத்து மாட்டினேன். ஓடியது. ஆனால் இப்போது கிணற்றைத் தாண்டிய வளைவில் கடைசிப் பெட்டி ஒவ்வொரு தடவையும் சாய்ந்தது. அந்த இடத்தை நான்கு முறை பெயர்த்துப் போட்டேன். நான்கு முறையும் சாய்ந்தது.

"அதைக் கொஞ்சம் விடுங்க. இதுக்கும் பிரஷர் ஏறிக்கும்" என்றாள் மனைவி.

விடவில்லை. என்னால் எதையும் விட முடிந்ததில்லை. அவள்தான் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக் சத்தம் கேட்டது. "நங்கையா, அண்ணன் மேலயா இருக்கறாங்க?" என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டே படியேறி வந்தான். முன்னைவிட மெலிந்திருந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான். வீடு, கொட்டகை, முருங்கை, வேலி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"கெணத்துப் படி கெழக்காலைங்ணா. வடக்கால வெச்சிருக்கறீங்க" என்றான்.

"மாத்தீரலாம்" என்றேன்.

ரயிலை விட்டேன். வளைவில் கடைசிப் பெட்டி சாய்ந்தது. அவன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேசையின் விளிம்பைப் பார்த்தான். கீழே போய், தோட்டத்துக்குச் சொட்டுநீர் போடும்போது மட்டம் பார்க்கிற மெல்லிய டியூபைப் பைக் பையிலிருந்து எடுத்துவந்தான். தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் கையில் கொடுத்தான். மறு முனையை வளைவு இருந்த மூலையில் பிடித்தான். அங்கே மேசை அரை விரல் தாழ்ந்திருந்தது. அறையின் தரை தண்ணீர் வடிவதற்காக அந்தப் பக்கம் சரித்துப் போட்டது. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்த நான் தரையைப் பார்க்கவே இல்லை. மேசைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தான். விட்டேன். பெட்டி சாயவில்லை. பத்துச் சுற்று ஓடியது.

அவன்தான் கை நீட்டித் திருகை நிறுத்தினான்.

"அன்னிக்கு நீங்க கட் பண்ணீட்டீங்க" என்றான்.

"ஆமா."

"நாஞ் சொல்லவே இல்லைன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லியிருக்கறீங்க."

"சொன்னேன். பொய்தான்."

கையிலிருந்த டியூபைச் சுருட்டினான். தண்ணீர் அவன் சட்டையில் வடிந்தது. "நானும் ஒருக்காத்தானுங்ணா கூப்பிட்டேன். அம்மா அப்ப பேசீட்டுதான் இருந்துது. மறுக்கா கூப்பிட்டிருக்கோணும். கட் பண்ணுனதும் எனக்கு ரோசம் வந்துருச்சு. வேணும்னேதான் கூப்பிடாம உட்டுட்டேன்."

மூன்று வருஷம் நான் என் தப்பை மட்டுமே மூடிவைத்திருந்தேன். அவனிடமும் ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். மறுபடி ஒரு நடை. "அண்ணா, உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். "அம்மா என்னைக் கேட்டுதா?" என்றேன். "கேட்டுதுங்க" என்றான். கீழே மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் இறங்கிப் போய்ப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மழையைப் பற்றிப் பேசினோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியும் பதிலும் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் போன வைகாசியில் நானும் மனைவியும் தோட்டத்துக்குப் போய் இரண்டு நாள் இருந்தோம். வாசற்படியிலிருந்து கிணறு வரை நடந்து பார்த்தேன். கிட்டத்தில்தான் இருக்கிறது.

கம்பெனிக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். பாதி நாள்தான். கத்துவது குறைந்திருப்பதாகச் சொல்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாடி ஏறி ரயிலை விடுகிறேன். சில நாள் முழுதாக உட்கார்ந்து பார்க்கிறேன். பல நாள் ஏதாவது ஒரு துண்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். நேற்றுத் தம்பி கூப்பிட்டான். கிழக்குப் பக்கம் ஆட்டுக்குப் புதிதாக ஒரு ஷெட் போட்டிருக்கிறானாம். நாற்பதுக்கு இருபது அடி. "அங்கயும் போட்ருங்கண்ணா" என்றான். மேசையில் அந்த இடத்தில் நான் மிளகாய் நட்டு வைத்திருக்கிறேன். இன்று அதைப் பெயர்க்க வேண்டும்.