றொபினின் காரில் போன மணப்பெண்

அச்சுவேலியில் எங்கள் பக்கத்து வளவில் இருக்கிற றொபின், உழவு இயந்திரம் திருத்துகிறவர். ஆண்டவர் எனக்குத் தந்த நல்ல அயலவர். பழைய கார் ஒன்றை வாங்கி, ஓய்வான நேரங்களில் அதற்கு டேர்போ பூட்டினார். இஞ்சினிலிருந்து வரும் புகையின் வேகத்தில் சுழன்று, அதே இஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளுகிற சாமான் அது. கார் பறந்தது. ஆனால் இஞ்சினை மூடுகிற பொனற்றுக்குள் சூடு தாங்க முடியாமல் வயர்கள் உருகின. றொபின் சலிக்கவில்லை. புகைக்குழாய்க்குச் சூடு தாங்கும் நாடா சுற்றினார். டேர்போவுக்கும் வயர்களுக்கும் நடுவில் தகடு வைத்து மறைத்தார். சூடு வெளியேற பொனற்றை வெட்டித் துவாரம் விட்டார். ஓடி வந்து நின்றாலும் உடனே இஞ்சினை நிறுத்தமாட்டார்; தலைகுனிந்தபடி உள்ளே இருப்பார்.

"செபமோ தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டேர்போ ஆறட்டும் எண்டு இருக்கிறன் அண்ணை. சும்மா இருக்கிற நேரம் அதையும் செய்யிறதுதான்."

போன வைகாசியில் என் மகள் றெபேக்காவுக்கும் டினேசுக்கும் சாவகச்சேரித் தேவாலயத்தில் கலியாணம். வாடகைக்குப் பேசிய கார் வரவில்லை. போதகருக்குக் கலியாணத்துக்குப் பிறகு பருத்தித்துறையில் ஓர் அடக்க ஆராதனை. நாங்கள் பிந்தினால் கலியாணம் அன்றைக்கு நடக்காது. நான் வீட்டு வாசல் படலையில் நின்று தவிப்பதைக் கண்ட றொபின், "பிள்ளையை ஏத்துங்கோ அண்ணை, நான் கொண்டுபோறன்" என்றார்.

வீட்டுக்கு வந்திருந்த மாதர் சங்கப் பெண்கள் காரின் முன்பக்கம் முழுவதையும் பூவாலும் குரோட்டன் இலையாலும் மூடிக் கட்டினார்கள். றொபின் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் மனைவி வினிபிரட் சந்தோசத்தில் கண் துடைப்பதைக் கண்டு, பேசாமல் ஏறினார்.

புத்தூர் கழிந்து கடல்நீரேரிப் பாலத்துக்குக் கிட்டப் போகச் சூட்டுமானியின் முள் ஏறத் தொடங்கியது. றொபின் கண்ணாடிகளைத் திறக்கச் சொல்லி, ஹீற்றரைப் போட்டார்.

"வெளியிலை கொதிக்கிறது காணாதெண்டு உள்ளுக்குமோ?" என்றாள் வினிபிரட்.

"இஞ்சின்ரை சூட்டை உள்ளுக்கு இழுத்தால் அது கொஞ்சம் ஆறும் அக்கா."

றெபேக்காவின் பவுடர் வழிந்தது. முள் இறங்கவில்லை. றொபின் ஓரமாக நிறுத்தினார்.

"பூவாலைதான். ரேடியேற்றருக்குக் காத்துப் போகேல்லை."

"அப்ப ஏனப்பா கட்ட விட்டனீர்?"

"உங்கடை முகத்தைப் பாத்தாப்பிறகு சொல்ல மனம் வரேல்லை அக்கா."

"பூவைக் கழட்டிப்போட்டுப் பொம்பிளை மொட்டைக் காரிலை போய் இறங்கிறதோ?"

றெபேக்கா உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "அம்மா, டினேஸ் பாத்துக்கொண்டு நிக்கிறது என்னை. பூவை இல்லை." தானே முடிச்சுகளை அவிழ்த்தாள். பூவெல்லாம் வினிபிரட்டின் மடிக்கு வந்தது. கடற்காற்று நேரே முன்பக்கத்தில் அடித்தது. நான் கண்ணை மூடிக் கர்த்தரைக் கூப்பிட்டேன். திறந்தபோது முள் இறங்கிக்கொண்டிருந்தது.

போதகர் வாசலிலேயே நின்றார். மாப்பிள்ளை டினேஸ் றெபேக்காவின் நனைந்த முகத்தைப் பார்த்து, "அங்கை மழையோ?" என்று கேட்டான். கலியாணம் இனிதாக நடந்தது.

வெளியே வந்தால் வாடகைக் காரும் வந்து நிற்கிறது. றெபேக்கா மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரே றொபினின் காரில் ஏறினாள். வினிபிரட் மிச்சப் பூவைக் காரின் பின்பக்கத்தில் தன் கையாலேயே கட்டிவிட்டாள். அவர்கள் போன பிறகு, ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு நாங்கள் இருவரும் வாடகைக் காரில் ஏறினோம். உள்ளே நல்ல குளிர்.