நக்கோ என்றதும் நீட்டுவாள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்ப வேண்டாம், ஆனால் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். நிஜாம் காலத்தில் செகந்திராபாத்தில் எடுத்த எங்கள் வகுப்புப் படம். இரண்டாவது பெஞ்சில் இரட்டைப் பின்னலோடு முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் நான்.

அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்து, வேலூரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் தங்கை செல்லா ஒரு வயது இளையவள், இருவரையும் ஒரே வகுப்பில் சேர்த்திருந்தார்கள். இந்த ஊரில் கூடாது, வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பார்கள். முதல் நாள் டீச்சர் "நக்கோ!" என்று அதட்டியதும், நக்கச் சொல்கிறார்களாக்கும் என்று செல்லா பயந்துபோய் நாக்கை நீட்டிவிட்டாள்! வகுப்பே சிரித்தது. அர்த்தம் தெரிந்த பிறகும், அந்தச் சொல் காதில் விழுந்தால் வேண்டுமென்றே நீட்டுவாள், வாலு.

படம் எடுத்த அன்று அவள் காய்ச்சலில் நினைவில்லாமல் வீட்டில் கிடந்தாள். என் இடப்பக்கம் அவள் இடம் காலி. பத்து மணி பெல் அடித்த கையோடு காமிராக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து "ஹிலோ நக்கோ!" என்று கத்தினார், அசையக் கூடாதாம். அப்போது என் இடது கையை யாரோ பிடித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கை அப்படிக் கொதித்தது. டீச்சர் அடிப்பாரே என்ற பயத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல் உதறிவிட்டேன்.

மறுநாள் செல்லா போய்விட்டாள். அவளுக்கென்று ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. "மொகம் மறந்துபோயிடுமோடி" என்று அம்மா அழுதுகொண்டே இருந்தாள்.

ஒரு மாதம் கழித்து இந்தப் படம் வந்தது. என் பக்கத்தில், அந்தக் காலி இடத்தில், பாருங்கள், கலங்கலாக ஒரு முகம். கண் தெரியவில்லை, மூக்கு தெரியவில்லை, நீட்டிய நாக்கு மட்டும் தெரிகிறது. யாரோ அசைந்திருப்பார்கள் என்றார் அப்பா. படத்தை வாங்கிப் பார்த்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்குப் பத்து மணி இருக்கும், நாக்க நீட்டுனாடி. தாகம்னு நெனச்சுத் தண்ணி ஊத்துனேன்."

கடைசிவரை அம்மா இந்தப் படத்துக்குப் பொட்டு வைக்கவில்லை, மாலை போடவில்லை. கேட்டால், "பள்ளிக்கூடந்தானே போயிருக்கா" என்பாள்.

இந்த ஊரில் நக்கோ என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாள் போகுமா? ஆட்டோக்காரர் சொன்னாலும் சரி, காய்கறிக்காரர் சொன்னாலும் சரி, என் இடது உள்ளங்கை சுடுகிறது. அன்றைக்கு உதறினேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் உதறுவதில்லை. அது ஆறும்வரை கையை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறேன்.