தணிகாசலத்தின் நெருப்பில்லா விளக்கு

போத்தலில் ஊற்றிய மண்ணெண்ணெயைத் தணிகாசலம் மோந்து பார்க்கிறார். பிறகு மடியிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்து அதற்குள் போடுகிறார்.

“ஏன்யா, எரிக்கிற எண்ணெய்க்கு இம்மாஞ் சோதனையா? தாளிக்கவா போற?” என்று சிரிக்கிறார் கடைக்காரர் கோவிந்தராசு.

“கந்தகம் இருந்தா நாளைக்குக் காசு கறுத்துப்பூடும். கறுத்தா திருப்பிக் கொண்டாருவேன்.”

தணிகாசலம் மில் பாய்லர்காரர். புருவத்தில் மயிர் கிடையாது, உலை தின்றுவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் சொல்தா பலராமன் ஒரு பாரிஸ் பத்திரிகையைப் படித்துச் சொன்னார்: எண்ணெயிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கலாம், அதை மின்கலத்தில் காற்றோடு சேர்த்தால் எரியாமலே மின்சாரம் வரும். ‘எரியாமலே’ என்ற சொல் தணிகாசலத்தைப் பிடித்துக்கொண்டது.

காரணம் உண்டு. ஐம்பத்தேழில் சிம்னி விளக்கு சாய்ந்து, ஒன்பது வயது மகள் அமிர்தவல்லி கருகிப்போனாள். அன்றுமுதல் மனைவி அஞ்சலாட்சி வீட்டில் விளக்கேற்ற விடுவதில்லை. தெருவுக்குக் கரண்டும் வரவில்லை. பொழுது சாய்ந்தால் இருட்டில் உட்கார்ந்துவிடுவாள். நாலு வருஷமாகிறது. அவளை அந்த இருட்டிலிருந்து எழுப்ப வேண்டும். மனிதருக்கு வேறு ஆசையே இல்லை.

கொல்லையில் கரி உலை. அதில் பழுக்கக் காய்ந்த இரும்புக் குழாய். உள்ளே, நிக்கல் நாலணாக்களை அரத்தால் ராவிய தூள். எண்ணெயாவியும் நீராவியும் அதன்மேல் போனால் ஹைட்ரஜன் வரும். சுண்ணாம்புத் தண்ணீரில் குளித்து, ரப்பர் குழாய் வழியாக வீட்டுக்குள் மூன்று கண்ணாடி ஜாடிகளுக்கு வந்து சேரும். அவைதான் அந்த மின்கலங்கள். மேலே ஒரு டார்ச் பல்பு. ஏழு நிமிடத்துக்கு மேல் அது எரிந்ததில்லை. எண்ணெயிலிருக்கும் கந்தகம் நிக்கலைக் கெடுத்துவிடும். கெட்ட நிக்கலில் கரி அடைந்துவிடும்.

மறுநாள் சனிக்கிழமை. காசு கறுக்கவில்லை. சாயங்காலம் பல்பு ஏழு நிமிடத்தைத் தாண்டியது, பத்தையும் தாண்டியது. அஞ்சலாட்சி எழுந்தாள். முறத்தில் அரிசியோடு வந்து பல்புக்கு அடியில் உட்கார்ந்து கல் பொறுக்கத் தொடங்கினாள். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பன்னிரண்டாவது நிமிடம் பல்பு சிவந்து அணைந்தது. ஓடிப்போய் இடுக்கியால் குழாயைக் கழற்றினார். உள்ளே கரி. காசைக் கறுக்கவைக்காத கந்தகமும் உண்டென்று அந்த ஏழைக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

“என்னால ஆவல அஞ்சல. தூளும் தீந்துபோச்சு. இனிமே உட்டுட வேண்டியதுதான்,” என்றார் வாசற்படியில் நின்று.

இருட்டுக்குள் அவள் அரிசியைத் தடவித் தடவி, கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.