ஒரு மாத லீவில் ஒரு டேங்கர் ராக்கெட்

குளத்தூர் பங்க்கில் லாரியிலிருந்து பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டரை ஓரம்கட்டிவிட்டுக் காத்திருந்தேன். காற்று திரும்பியது. அவ்வளவுதான்... வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

மற்றவர்களுக்கு அது பெட்ரோல் வாடை. எனக்கு அது என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்து பெட்டியைத் திறக்கிற நேரம். எந்த சோப்பு போட்டாலும் அவர் சட்டைகளை விட்டுப் போகாத வாசனை.

வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் அவருக்கு வேலை. விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் வண்டி ஓட்டுகிறார். ஊருக்குப் போகிற விமானங்களுக்கெல்லாம் வயிற்றை நிரப்பி அனுப்பிவிட்டு, தான் மட்டும் வெயிலில் நிற்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மாதம், எங்களுக்கு அவர் கிடைப்பார்.

"அண்ணன் மறுபடி எப்பக்கா வருவாங்க?" — பங்க்கில் வேலை பார்க்கும் பெண் கேட்டாள்.

"ரெண்டு வருசம் ஆகும்மா."

சொல்லும்போது சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

இந்த முறை லீவில் வந்த அன்றே, சாப்பாட்டுக்கு நடுவில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"கம்பெனியில கேட்டுருக்காங்க. இன்னொரு ரெண்டு வருசம் இருக்கியா, முடிச்சுக்கிட்டுப் போறியான்னு. லீவு முடியிறதுக்குள்ள சொல்லணும்."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"பாப்போம்."

அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அதை அவர் வாயால் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நான் சொல்லி அவர் நின்று, நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால்? 'நீதானே இருக்கச் சொன்னே' என்று ஒரு பார்வை பார்த்தால்? அந்தப் பார்வைக்குப் பயந்து காத்திருந்தேன். அவரும் எதற்கோ காத்திருந்தார். காத்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் ஒரு லேப்டாப் வந்து உட்கார்ந்தது.

மகளுடைய பழைய லேப்டாப் அது. கோயம்புத்தூர் காலேஜுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, இதை எங்களிடம் விட்டுப் போயிருந்தாள். போட்டோ பார்க்கத் திறந்தவர் உள்ளே ஒரு கேமைக் கண்டுபிடித்தார். ராக்கெட்டை நாமே பாகம் பாகமாகக் கட்டி விண்வெளிக்கு அனுப்புகிற கேம். அதில் மகள் அனுப்பிய கப்பல் ஒன்று பூமியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே உருண்டை முகங்களோடு மூன்று பொம்மை மனிதர்கள்.

உடனே மகளுக்குப் போன்.

"அதுவாப்பா? வேற கிரகத்துக்கு அனுப்பப் பாத்தேன். மேல ஏறுறதுக்குள்ளயே டேங்க் காலி. அப்படியே விட்டுட்டேன்."

"விட்டுட்டியா! உள்ள மூணு பேரு இருக்காங்களேம்மா?"

"அப்பா... அது கேம்ப்பா."

அவருக்கு அது கேமாகத் தெரியவில்லை. எரிபொருள் இல்லாமல் ஒரு வண்டி நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா இருப்பதா? அன்றைக்கே ஒரு டேங்கர் ராக்கெட் கட்ட உட்கார்ந்துவிட்டார். மேலே போய், அந்தக் கப்பலோடு சேர்ந்து, எரிபொருளை ஊற்றிவிட்டு வர வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா?

முதல் டேங்கர் மேலே போய்ச் சேர்ந்தபோது அதன் டேங்க்கே காலி. சரி, பெரிய டேங்க் வைப்போம் என்றார். வைத்தோம். எடை கூடியது. எடையைத் தூக்கப் பெரிய இன்ஜின். இன்ஜினுக்குத் தீனி போட இன்னும் எரிபொருள். அதைத் தூக்க இன்னும்...

கொண்டுபோவதில் முக்கால்வாசி, கொண்டுபோவதற்கே செலவாகிவிடுகிறது. குடும்பத்துக்காகக் கடல் தாண்டிப் போகிறவர்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். இந்தக் கணக்கை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கறம்பக்குடியிலிருந்து என் தம்பி வந்திருந்தான். ஹாலில் நாங்கள் இருவரும் ஸ்க்ரீனை முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏன் மச்சான், ஒரு எடத்தப் பாத்துட்டு வருவோம்னு கூப்டா கறம்பக்குடிக்கு வரமாட்டேங்கிறீங்க. சந்திரனுக்குப் போறீங்களாக்கும்?"

"சந்திரன் வரைக்கும் இல்ல மாப்ள. பாதி வழிதான்."

"அக்காவையும் சேத்துக் கெடுத்துட்டீங்களே!"

"அவ கவிஞர்டா. ஏற்கெனவே மேலதான் இருந்தா. இப்பத்தான் நான் போய்ச் சேந்துருக்கேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் ஒரே வேலையைச் சேர்ந்து செய்தது அநேகமாக அதுதான். வெளியே முருங்கை மரம் வெயிலில் வாடி நிற்கும். உள்ளே மின்விசிறிக்குக் கீழே நாங்கள் வானத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருப்போம். நாட்கள் எந்தப் பக்கம் போயின என்றே தெரியவில்லை. பேச வேண்டியதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு நாளும் தோன்றியது.

கடைசி வாரம். அதே ஹாலின் இன்னொரு மூலையில் அட்டைப்பெட்டி வந்துவிட்டது. வெளிநாடு போகிறவர்கள் வீட்டில் இந்தச் சடங்கைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மிஷின் மேல் ஏறுவது, நம் எடையைக் கழிப்பது, கூடினால் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பது. ஊறுகாய் பாட்டில் வெளியே. முறுக்கு பாதி வெளியே. எதை எடுத்தால் எடை குறையும் என்று எங்கள் கைகளுக்குப் பழக்கம்.

அந்தப் பழக்கம் செய்த வேலையைக் கேளுங்கள்.

"இன்னும் கொஞ்சம் வெயிட்டக் கொறச்சா ஏறிரும்" என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். நான் மவுஸைப் பிடித்தேன். ராக்கெட்டின் ஏணியை எடுத்தேன். விளக்குகளை எடுத்தேன். உச்சியில் மூடி மாதிரி ஒரு வட்டம், அழகுக்கு வைத்தது போல... அதையும் எடுத்துவிட்டேன்.

ஏறியது! டேங்க் நிறைய எரிபொருளோடு ஏறியது. அவர் ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தார். மகளின் கப்பல் முதலில் புள்ளியாகத் தெரிந்தது. பிறகு பொத்தானாக, பிறகு கப்பலாக. "மெதுவா... மெதுவா..." என்று என் கைமேல் கை வைத்து நகர்த்தினார். டேங்கர் கப்பலைத் தொட்டது. வழுக்கி விலகியது. மறுபடி தொட்டது. மறுபடி விலகியது.

பெரிதாக்கிப் பார்த்தார்.

"உச்சியில வட்டமா ஒண்ணு வெச்சிருந்தேனே, எங்க?"

"எடுத்துட்டேன். வெயிட்டுன்னீங்களே..."

"அடிப்பாவி! அதுலதான் ரெண்டும் கோத்துக்கும். அது இல்லாம இங்கிட்டு இருக்குற எண்ணெ அங்கிட்டு எப்படிப் போகும்?"

சிரித்தோம். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். ஸ்க்ரீனில், கருப்பு வானத்தில், நிறைந்தது ஒன்றும் காலியானது ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தன. கீழே நீலமாகப் பூமி போய்க்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு கட்டிரலாம்" என்றார், ஸ்க்ரீனை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நாள் இருந்தா."

அதுதான் அந்த நிமிடம். அவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்ற நிமிடம். 'இருங்க, நாள் இருக்கு' என்று சொல்லியிருக்கலாம். அதைவிடச் சின்ன வாக்கியத்தை நான் என் கவிதைகளில்கூட எழுதியதில்லை.

"டீ போடவா?" என்று எழுந்தேன்.

வாரம் தவறாமல் இந்தப் பத்தியில் உங்களிடம் இத்தனை பேசுகிறவள். சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு பேர் வாங்கியவள். வேண்டிய நேரத்தில் வேண்டிய ஆளிடம் ஒன்றுகூடக் கைக்கு வருவதில்லை. உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?

திருச்சி விமான நிலையத்துக்கு நான் மட்டும்தான் கூடப் போனேன். வழியெல்லாம் மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினோம். வாசலில் தள்ளுவண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் காவலர் டிக்கெட் கேட்டார். எடுத்து நீட்டியவர், உள்ளே போகாமல் திரும்பினார். பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள்.

"கம்பெனிக்கு நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"ம்."

"என்ன சொல்லட்டும்?"

"ஒங்க இஷ்டம்ங்க."

டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"சரி... அப்ப வாரேன்."