புடலைக்கொடியும் அஞ்சலையக்காவின் கையும்

மருமகள் பால்கனிக் கம்பிகளில் பச்சை நைலான் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஏதாவது ஒரு கொடியைப் படரவிட்டால் மேற்கு வெயில் உள்ளே வராதாம். புது வலைக்கு ஒரு வாசனையும் இல்லை. எனக்கு வலை என்றால் மீன் நாற்றம் அடிக்க வேண்டும். அதுவும் செங்கல்பட்டில், எங்கள் வீட்டு மேற்குச் சுவரில்.

ஐம்பதுகளின் நடுவில் அங்கே ஓர் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். தகரக் கூரை போட்ட வாடகை வீடு. மாசி பிறந்தாலே மத்தியானத்துக்கு மேல் சுவர் தோசைக்கல்லாகிவிடும். அந்தச் சுவரை ஒட்டித்தான், பக்கவாதத்தில் விழுந்த அப்பாவின் கட்டில். புரண்டு படுக்க முடியாமல் வியர்வையில் ஊறிக் கிடப்பார், முதுகெல்லாம் புண். இன்னொரு கோடையைத் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கீற்றுத்தட்டி கட்டிப் பார்த்தோம். ஜன்னல் காற்றும் நின்று அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. பீர்க்கை வைத்தோம், வண்டு தின்றது. மிச்சம் புடலை. அது எங்கள் குடும்பத்துக்கு ஆகிவராது. விதை ஊன்றினால் அந்த வருஷமே வீட்டில் ஓர் ஆண் தலை சாயும் என்பார்கள். பெரியப்பா அப்படித்தான் போனாராம். வாங்கிச் சாப்பிடலாம், தோஷமில்லை. விதையை மட்டும் தொடக்கூடாது.

அம்மா பக்கத்து வீட்டு அஞ்சலையக்காவைக் கூப்பிட்டாள். அவள் புருஷன் ஏகாம்பரம் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டுகிறவர்.

"உன் கை ராசியான கைடி. நீ ரெண்டு விதை போட்டுக் குடேன்."

"இதுக்கு இன்னாத்துக்குமா தயங்கினுகீறே? போட்டா போச்சி."

காரணத்தை அம்மா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. டீக்கடை மேசையைத் தட்டி, சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று முழங்குகிறவன் நான். அந்த விதையை நானே ஊன்றியிருக்கலாம். கை போகவில்லை.

கொடி ஏறுவதற்கு, கோவளத்துச் சிநேகிதரிடம் கேட்டு ஒரு கிழிந்த வலையைக் கொண்டுவந்து அடித்தார் ஏகாம்பரம். ஊர்ப் பூனையெல்லாம் எங்கள் சுவரடிக்குக் குடிவந்துவிட்டன. கிணறு வற்றிய நாளிலும் அக்கா பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சேர்த்துவைத்து ஊற்றுவாள். கத்திரி வெயில் தொடங்கியபோது சுவரே தெரியவில்லை. கோணாமல் வளர நுனியில் கல் கட்டிய காய்கள் வரிசையாகத் தொங்கின. "குளுகுளுன்னு இருக்குடா" என்று அப்பா குழறினார். மாதக்கணக்கில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. புண்ணும் ஆறியது.

ஆடியில் ஏகாம்பரம் காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

காய்ச்சல் யாருக்கும் வரும். அன்றைக்கும் எனக்கு அது தெரியும். ஆனாலும் சாவு வீட்டில் அஞ்சலையக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அம்மா தினமும் சோறாக்கிக் கொண்டுபோவாள். கொடுத்த வேகத்தில் திரும்பிவிடுவாள்.

மதுராந்தகத்திலிருந்து அண்ணன் வந்து தன்னைக் கூட்டிப்போன அன்று அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"ராசியான கைன்னியேம்மா. பாத்தியா என் கை ராசிய? கட்னவனயே முழுங்கிட்டு நிக்கிறேன்."

அம்மா விருட்டென்று உள்ளே போய்விட்டாள். "அப்படி இல்லக்கா" என்று நான் ஆரம்பித்தேன். அதற்கு மேல் பேசினால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். "பத்திரமா போய்ட்டு வாங்க" என்று முடித்துக்கொண்டேன். அப்பா உள்ளே நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் அவர் சில கோடைகள் இருந்தார். அந்த வீடு போய் அங்கே லாட்ஜ் வந்துவிட்டது. ஜட்காக்கள் போயின. எது ஆகும், எது ஆகாது என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் ஆளில்லை. மதுராந்தகத்தில் எத்தனையோ முறை ரயில் நின்றிருக்கிறது, நான் இறங்கியதில்லை. இனி இறங்கினாலும் அஞ்சலையக்கா இருக்கமாட்டாள். பாவி, கடைசிவரை தன் கையைத்தான் நொந்துகொண்டிருந்திருப்பாள்.