தூண்டில் முள்ளால் கீறிய வானொலி

பழைய சிற்றலை வானொலி சேகரிப்பவன், பாடும் பெட்டியைவிடப் பாடாத பெட்டியை நெடுநேரம் உற்றுப் பார்ப்பவன். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தாலன்றி உணவு இறங்காத அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மூக்கினால் ஒரு தேர்வு

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 2007ஆம் ஆண்டில் இப்பித்து என்னைப் பற்றியது. வளைகுடாவிலிருந்து திரும்பியோர் கொணர்ந்த வானொலிகள், மார்த்தாண்டத்தில் பழைய மின்பொருள் விற்கும் தங்கையனின் கடைக்கு வந்து சேரும். நான் எதையும் உடனே வாங்குவதில்லை. முதலில் பேட்டரி வைக்கும் பள்ளத்தை முகர்வேன். கசிந்திருந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஏரியலை இழுத்துக் கணுக்கணுவாகத் தடவுவேன். குமிழைத் திருகினால் முள் தடையின்றி ஓடவேண்டும். இச்சடங்கு முடியும்வரை பொறுத்திருந்த தங்கையன், ‘சார்’ என்பதை எங்களூர் வழக்கில் ‘சாறு’ ஆக்கி, ஒருநாள் சொன்னார்: “சாறே, பெண்ணு பாக்க வந்தவன்கூட இவ்வளவு பாக்கமாட்டான். பாடுமான்னு ஒரு வார்த்த கேட்டா போராதா?”

கீறல்கள்

தங்கையன் வழியாகவே கடியப்பட்டணத்து மீனவர் மிக்கேலின் வானொலியைப் பற்றி அறிந்து, அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். எட்டு அலைவரிசை, மூடியின் உட்புறம் உலகப்படம். மிக்கேல் அதைப் பிளாஸ்டிக் பையில் பொதிந்து வள்ளத்தில் கொண்டுபோவார். அதனால் எண்களின் நிறம் சிறிதும் மங்கவில்லை.

என் கண்ணை இழுத்தது வேறொன்று. எண்பலகையின் மேலுள்ள கண்ணாடி போன்ற மூடியில், அங்கொன்றும் இங்கொன்றுமாக மெல்லிய கீறல்கள். எல்லாம் செங்குத்தானவை, ஒரே அளவானவை. தற்செயலாக விழுந்தவை அல்ல. மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்தி, “இவை என்ன கீறல்கள்?” என்று கேட்டேன். என் குரல் எப்போதும் வகுப்பறைக் குரல்தான். மிக்கேலின் முகம் வாடியது. அதற்குள் கரையில் மீன் ஏலம் தொடங்கிவிட்டதாக யாரோ கூப்பிட, அவர் பெட்டியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். “கடலுக்குப் போறவரைக்கும் இது எனக்கு வேணும். நின்னுட்டேன்னா சாறுக்குத்தான், வேற ஒருத்தனுக்கும் இல்ல.”

பற்பசை

அதன்பின் அக்கீறல்கள் என்னை விடவில்லை. வானிலை அறிவிப்பு கேட்கும் இடங்களோ? கப்பல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இடங்களோ? அலமாரி நிறைய வானொலிகள் இருந்தும், கீறியிருந்த அந்த ஒன்றின்மீதே மனம் நின்றது. பெட்டி கைக்கு வந்தால், ஒவ்வொரு கீறலிலும் முள்ளை நிறுத்திக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தேன்.

முழங்கால் வலியால் மிக்கேல் கடல்தொழிலை விட்டபோது சொல்லியனுப்பினார். ஓடினேன். பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். எண்பலகையின் மூடி பளிங்குபோல் மின்னியது. ஒரு கீறல்கூட இல்லை. “சாறு அண்ணைக்கே குத்தம் கண்டுபிடிச்சியளே! அப்படியே தரலாமா?” என்றார் மிக்கேல் பெருமையாக. உப்புத்தாளால் உரசி, பற்பசையால் மெருகேற்றினாராம். அவருடைய மனைவி றோசம்மாள் கதவருகே நின்று சிரித்தார்: “பேஸ்டு ஒரு டியூப்பு தீந்துபோச்சு சாறே. இந்த மனுசன் அவருக்க பல்ல ஒருநாளும் இப்படித் தேச்சதில்ல!”

கரையில்

சிறிது நேரங்கழித்து, குற்றம் காண அல்ல, அறிய விரும்பியே கேட்டேன் என்று விளக்கினேன். மிக்கேல் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு பெட்டியோடு எழுந்து, “வாரும், தேடிப் பாப்போம்” என்றார். வீட்டில் டியூப்லைட்டு வானொலியில் இரைச்சலைக் கிளப்பும் என்பதால், கரையேற்றிய வள்ளங்களின் நடுவே அமர்ந்தோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

அவர் குமிழைத் திருகினார். பல இடங்களில் வெறும் இரைச்சல். “இங்கின எங்கயோதான்” என்று முன்னும் பின்னும் தடுமாறிக்கொண்டிருந்தபோது, இரைச்சலுக்கு அடியிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. பாட்டு; எனக்குத் தெரியாத மொழி. மிக்கேல் கையை எடுத்துவிட்டார். எந்த நாடு, எந்த நிலையம் என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். பாட்டு முடிந்த பிறகே அவர் என் பக்கம் திரும்பினார்.

“எனக்கென்ன தெரியும் சாறே? வல போட்டுட்டுச் சும்மா கெடக்கும்போ திருகிக்கிட்டே இருப்பேன். எவனாவது நல்லாப் பாடினா தூண்டில் முள்ளு வச்சு ஒரு கீறு. நாளைக்கும் வந்து கேக்கணும் இல்லியா?”

ஆகவே, சக வானொலிப் பித்தர்களே, பிறர் பெட்டியில் ஒன்றைக் கண்டு வியந்தால் முகத்திலும் அவ்வியப்பைக் காட்டிவிடுங்கள். இல்லையேல் அடுத்த முறை நீங்கள் செல்வதற்குள் பற்பசை அங்கே முந்திக்கொள்ளும்.